கபடி நேரலையில் மேட் விரிப்பின்மேல் எழுத்து: பதிக்கும் முறையும் பதிக்கக் கூடாத இடமும்

திரையின் மூலையில் இருக்கும் ஸ்கோர் பெட்டியைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை. அது கண்ணாடியில் ஒட்டிய சீட்டு என்று குழந்தைக்கும் தெரியும். ஆடுகளத்தில் விரித்த மேட் என்ற விரிப்பின்மேல் படிந்து, பாடி வரும் ரெய்டரின் காலுக்கு அடியில் போய்வரும் எழுத்து அப்படியல்ல. அது மைதானத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் பார்ப்பவர் மனது எடுத்துக்கொள்ளும். ஸ்பான்சர்கள் அதைக் கேட்பதும் இதற்காகத்தான், அதை வைத்து ஏமாற்ற முடிவதும் இதனால்தான். ஊர்க் கபடிப் போட்டியை ஒரு மடிக்கணினி, ஒரு கேமரா, படங்களை அடுக்கி நேரலையாக அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருள் ஆகியவற்றோடு யூடியூபில் காட்டும் குழுக்களுக்கான வழிகாட்டி இது. எப்படிப் பதிப்பது என்பது முதலில் வரும். எங்கே கை வைக்கக் கூடாது, ஏன் என்பது பின்னால் வரும். அந்தப் பின்பகுதியும் கணக்குதான், நல்லொழுக்கப் பாடம் அல்ல.

சாரமும் கேமராவும்

ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கு நேராகக் கேமராவை நிறுத்துங்கள். 5 மீட்டர் உயரம், அருகிலுள்ள பக்கக்கோட்டிலிருந்து 11 மீட்டர் தூரம், ஏறத்தாழ 65 பாகைக் கிடைமட்டப் பார்வை என்ற அளவில் மேட் முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். இந்தக் கட்டுரையின் கணக்கெல்லாம் இந்த அளவுகளையும் 1920×1080 படத்தையும் வைத்துப் போட்டது. உங்கள் இடத்தில் உயரம் 3 மீட்டர்தான் கிடைக்கிறது என்றால் தூரப்பக்கம் நசுங்கிப் போகும். அப்போது இந்த வேலையையே விட்டுவிட்டு மூலையில் ஸ்கோர் பெட்டியோடு நிற்பது மேல்.

கேமரா சாரம் தனியாக நிற்க வேண்டும். பார்வையாளர் கேலரியோடு சேர்த்துக் கட்டினால், நாலு பேர் எழுந்து கைதட்டும்போது படம் ஆடும். 0.1 பாகை திரும்பினாலே எழுத்து இரண்டரை பிக்சலுக்கு மேல் வழுக்கும். எழுத்து மேட்டில் நீந்துவது போலத் தெரிவதற்குப் பத்தில் ஒன்பது முறை காரணம் இந்த ஆட்டம்தான். மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் சாரத்தின் கால்களில் மணல் மூட்டையைப் போடுங்கள்.

கேமராவில் நான்கைப் பூட்ட வேண்டும்: ஜூம், போகஸ், ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர். ஆட்டோபோகஸ் வேட்டையாடும்போது பல லென்ஸ்களில் படத்தின் அளவே சற்று மாறும், எழுத்து மூச்சுவிடுவது போல விரிந்து சுருங்கும். கை நடுக்கத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசேஷனையும் அணைத்துவிடுங்கள். சாரத்தில் நிற்கும் கேமராவுக்கு அது தேவையே இல்லை. இருந்தால், வீரர்கள் கூட்டமாக ஓடும் திசையில் படத்தையே நகர்த்தி வைக்கும். ஜூம் வளையத்தின்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினால் யார் கை பட்டாலும் கவலையில்லை.

பிரேம் வேகம் விநாடிக்கு 25 அல்லது 50, ஷட்டர் 1/100. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். 30 அல்லது 60 பிரேமில், பொருந்தாத ஷட்டரில் எடுத்தால் மேட்டின் நிறம் பிரேமுக்குப் பிரேம் துடிக்கும். கண்ணுக்கு அது லேசாகத்தான் தெரியும். நிறத்தை வைத்து வீரரைப் பிரிக்கப் போகும் கணினிக்கு அது பெரிய தலைவலி.

எங்கே, எவ்வளவு பெரிதாக

எல்லோரும் முதலில் ஆசைப்படுவது தூரப் பக்கக்கோட்டுக்கு அப்பால் உள்ள காலி இடத்தை. யாரும் அங்கே ஓட மாட்டார்கள், அதனால் சுலபம் என்று தோன்றும். ஆனால் அந்தத் தூரத்தில் ஆழவாக்கில் 1 மீட்டர் என்பது சுமார் 15 பிக்சல்தான். ஒன்றரை மீட்டர் பட்டை வெறும் 22 பிக்சல் உயரத்தில் கோடாகத் தெரியும். எழுத்து எதுவும் படிக்க முடியாது.

நல்ல இடம் கேமராவுக்கு அருகே, கிட்டப் பக்கக்கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள பட்டை. அங்கே ஒன்றரை மீட்டர் ஆழம் சுமார் 88 பிக்சல் உயரமாகவும், 6 மீட்டர் நீளம் கிட்டத்தட்ட 790 பிக்சல் அகலமாகவும் விழும். வீரர் எப்போதாவது தள்ளப்பட்டு வந்து விழுவார், நடுவர் குறுக்கே நடப்பார், அவ்வளவுதான்.

இந்தப் பட்டை வெறும் மண்ணாகவோ சிமென்டாகவோ இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. மண்ணின் நிறமும் தோலின் நிறமும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம், இரண்டையும் பிரிக்க முடியாது. உபரி மேட் துண்டுகள் இருந்தால் 1 மீட்டர் சதுரத் துண்டு 12 எடுத்து 6×2 மீட்டருக்கு அங்கே பூட்டி விரியுங்கள். பச்சைத் துணி விரிக்கும் யோசனை வேண்டாம். துணி சுருங்கும், காலில் மாட்டும். நேரலைக்காக ஒரு பையன் கணுக்காலை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எழுத்தை நீட்டி வரைய வேண்டும். 6×1.5 மீட்டர் பட்டை உண்மையில் 4:1. திரையில் அது சுமார் 9:1 ஆக நசுங்கும். ஆகவே மூலப்படத்தில் எழுத்தின் உயரத்தைச் சுமார் 2.2 மடங்கு இழுத்து வையுங்கள். ஆடுகளத்தின் நடுவில் போடுவதானால் 3 மடங்குக்கு மேல் தேவைப்படும். கிரிக்கெட் மைதானப் புல்லில் பெயின்ட் அடிக்கும் விளம்பரங்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் அசிங்கமாக நீண்டு கிடக்கும், அதே கணக்குத்தான்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு தொல்லை. உகர, ஊகார வளைவுகள் கீழே தொங்கும், இகர, ஈகார வளைவுகள் மேலே நிற்கும். நசுங்கியபின் முதலில் காணாமல் போவது அவைதான். ‘முருகன்’ கடை ‘மருகன்’ கடையாகிவிட்டால் ஸ்பான்சர் காசு தர மாட்டார். ஒரே வரி, தடித்த எழுத்து, சுற்றிலும் இடைவெளி. 720பி-யில் (1280×720 படம்) ஒளிபரப்பினால் அந்த 88 பிக்சல் 59 ஆகிவிடும். அங்கே தொலைபேசி எண்ணெல்லாம் நுழைக்கப் பார்க்காதீர்கள்.

ஆடுகளத்தின் நடுவே படம் வேண்டுமென்றால், ஆட்டம் தொடங்கும் முன்னும் இடைவேளையிலும் மட்டும் காட்டி, ரெய்டு தொடங்குமுன் எடுத்துவிடுங்கள். ஏழு பேர் ஒருவர்மேல் விழும் இடத்தில் எழுத்தை விட்டால், எந்த மலிவு முறையும் அதைச் சுத்தமாகக் கால்களுக்கு அடியில் வைக்காது.

டேப் பிடித்து அளத்தல்

பட்டையின் நான்கு மூலைகளிலும் 5 செ.மீ. சதுர வெள்ளை டேப் ஒட்டுங்கள். செவ்வகம் சரியா என்று மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள். 6×1.5 மீட்டருக்கு இரண்டு மூலைவிட்டமும் 6.18 மீட்டர் வர வேண்டும். ஆடுகளம் முழுவதற்கும் பொருத்துவதானால் 13×10-க்கு 16.40 மீட்டர். விதிப்புத்தகத்தில் இருக்கும் எண்ணை நம்பி அளக்காமல் விடுவது பெருந்தவறு. துண்டு மேட்டுகள் இரண்டு ஆட்டம் முடிவதற்குள் 2, 3 செ.மீ. நகர்ந்துவிடும். பெண்கள் ஆட்டமென்றால் களமே வேறு, 12×8.

கேமராவைப் பூட்டியபின் ஒரு நிலைப்படம் எடுங்கள். டேப் துண்டுகளைக் கையோடு கழற்றிவிடுங்கள். நிலைப்படத்தை கிம்ப் மென்பொருளில் 1920×1080 அளவிலேயே திறந்து, உங்கள் எழுத்துப் படத்தை (1200×300 பிக்சலில் செய்தால் போதும்) மேல் அடுக்காக வைத்து, பெர்ஸ்பெக்டிவ் கருவியால் அதன் நான்கு மூலைகளையும் நான்கு டேப் மையங்களுக்கு இழுங்கள். பிறகு மைதானப் படத்தை மறைத்து, எழுத்தை மட்டும் பின்னணி இல்லாத பிஎன்ஜியாகச் சேமியுங்கள். சேமிக்கும்போது எழுத்தைச் சுற்றி வெட்டிவிடாமல் முழு 1920×1080 ஆகவே வைத்தால், ஓபிஎஸ்ஸில் 0,0 இடத்தில் போட்டதும் தானாகப் பொருந்தும்.

நான்கு மூலையை ஏன் கேட்கிறது? ஒரு தளத்தை இன்னொரு தளத்துக்குச் சாய்வோடு மாற்றும் கணக்கில் எட்டு எண்கள் தெரியாது. ஒரு புள்ளி இரண்டு சமன்பாடு தரும், நான்கு புள்ளி எட்டு தரும். அதில் மிச்சம் எதுவும் இல்லாததால் ஒரு மூலையில் நீங்கள் செய்யும் பிழை படம் முழுவதும் பரவும். சரிபார்க்க ஐந்தாவதாக ஒரு புள்ளி வேண்டும். பட்டையின் நடுவே ஒரு டேப் ஒட்டியிருந்தால், வளைத்த படத்தின் மையம் அதில் விழுகிறதா என்று பார்க்கலாம். 2 பிக்சலுக்கு மேல் விலகினால் மறுபடி செய்யுங்கள்.

லென்ஸ் நேர்க்கோட்டை வளைக்கும் என்பதும் உண்டு. கிட்டப் பக்கக்கோட்டின் இரு முனைகளையும் நேராக இணைத்துப் பாருங்கள், நடுவில் 3 பிக்சலுக்கு மேல் விலகியிருந்தால் களம் முழுவதற்கும் படம் விரிக்க முடியாது. சின்னப் பட்டைக்கு அதன் சொந்த நான்கு மூலைகளையே பயன்படுத்துவதால் இந்த வளைவு பெரிதாகத் தெரியாது. முழுக் களம் வேண்டுவோர் ஓபன்சிவி என்ற நிரல் தொகுப்பில் சதுரங்கக் கட்டத் தாளை 15, 20 கோணங்களில் படமெடுத்து லென்ஸை அளவிட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்று அடுக்கு

நிரல் எழுதத் தெரியாதவருக்கும் ஓபிஎஸ்ஸிலேயே முடியும். அடியில் கேமரா படம். அதன்மேல் எழுத்து பிஎன்ஜி. அதற்கும் மேல் அதே கேமரா படம், ஆனால் மேட் நிறம் நீக்கப்பட்டது. மேல் அடுக்கில் மேட் ஓட்டையாகி வீரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், எழுத்து அவர்களுக்கு அடியில் போய்விடும்.

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். கேமராவை இரண்டாவது முறை தனி சோர்ஸாக (படம் வரும் மூலமாக) சேர்த்தால், கேமராவைக் கணினியோடு இணைக்கும் பல கேப்சர் கார்டுகள் திறக்காது. திறந்தாலும் இரண்டும் ஒன்றிரண்டு பிரேம் விலகி, ஓடுபவர் ஓரத்தில் பேய் நிழல் வரும். சரி, முதல் சோர்ஸையே சுட்டும் ரெஃபரன்ஸாக ஒட்டலாம் என்றால், மேல் அடுக்குக்குப் போட்ட பில்டர் கீழ் அடுக்கையும் சேர்த்துப் பாதிக்கும். வழி இது: ‘வீரர்கள்’ என்று ஒரு தனி சீன் உருவாக்கி அதில் கேமராவை ரெஃபரன்ஸாக வையுங்கள். முதன்மை சீனில் அந்த ‘வீரர்கள்’ சீனையே ஒரு சோர்ஸாக மேலே சேர்த்து, நிறத்தை நீக்கும் கலர் கீ பில்டரை கேமராவுக்குப் போடாமல் அந்த சீனுக்குப் போடுங்கள். கேமரா ஒன்றே, அடுக்கு இரண்டு, நேர விலகல் இல்லை.

குரோமா கீ வேண்டாம், கலர் கீ போதும். குரோமா கீயில் நிறக்கசிவை நீக்கும் பகுதி வீரர்களின் உடையையும் வெளுக்கச் செய்யும். கலர் கீயில் மேட்டின் நிறத்தைப் படத்திலிருந்தே எடுத்து, எவ்வளவு நெருங்கிய நிறம்வரை நீக்குவது என்று சொல்லும் சிமிலாரிட்டியை 80 அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். எழுத்து முழுதாகத் தெரிந்து, வீரரின் ஷூவும் முழங்காலும் உடையாமல் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்மூத்னெஸை அதிகம் ஏற்றினால் ஓரங்கள் புகையாகும்.

இந்த முறையில் ஒரு சௌகரியம். கீழே இருப்பதும் அதே கேமரா படம் என்பதால், எழுத்துப் பட்டைக்கு வெளியே நிறம் எப்படித் தப்பாக நீங்கினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. ஓட்டை வழியாகத் தெரிவதும் அதே படம்தானே. ஆகவே பட்டைக்குள் மட்டும் சரிசெய்தால் போதும்.

நிறம் எங்கே ஏமாற்றும்

முதலில் ஜெர்ஸி. நீல மேட்டில் நீல ஜெர்ஸி அணி வந்தால் வீரரின் மார்பில் எழுத்து ஊர்ந்து போகும். டாஸ் போடும்போதே இரு அணி ஜெர்ஸியையும் பார்த்துவிடுங்கள். மாற்று வழியில்லையென்றால் அந்த ஆட்டத்துக்கு எழுத்தை நிறுத்திவிடலாம். அமெரிக்கக் கால்பந்தில் 1998 செப்டம்பர் 27 அன்று இஎஸ்பிஎன் ஒளிபரப்பில் ஸ்போர்ட்விஷன் நிறுவனம் மஞ்சள் கோட்டை முதன்முதலாகப் புல்லில் போட்டபோதே இந்தப் பிரச்சினை உண்டு. புல்லின் பச்சைகள் எவை, ஜெர்ஸியின் பச்சைகள் எவை என்று இரண்டு நிறப் பட்டியலை ஆட்டத்தின் நடுவிலும் ஓர் ஆள் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது நிழல். நான்கு மூலை விளக்கில் ஒருவருக்கு நான்கு நிழல் விழும். நிழல் விழுந்த மேட் கருமையான வேறு நிறம், அது நீங்காமல் எழுத்தின்மேல் திட்டாக நிற்கும். சிமிலாரிட்டியைக் கூட்டினால் நிழல் போகும், ஆனால் அதே அளவில் கருநீல ஷார்ட்ஸும் போகலாம். விளக்கை இன்னும் உயர்த்தி நிழலை மெலியவைப்பதே நிரந்தர மருந்து. மூன்றாவது வியர்வை. ஈரமான மேட் விளக்கொளியில் வெள்ளையாகப் பளபளக்கும், அங்கே நிறமே இருக்காது. துடைக்கும் பையனிடம் எழுத்துப் பட்டையையும் சேர்த்துத் துடைக்கச் சொன்னால் தீர்ந்தது. மாலை ஆட்டங்களில் சூரியன் இறங்கி விளக்கு ஏறும் அந்த அரைமணி நேரத்துக்கு மட்டும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறத்தைத் திரும்ப எடுக்க வேண்டிவரும்.

எழுத்தின் ஒளிபுகாமையை 100-இல் வைக்காமல் 75, 80-இல் வையுங்கள். மேட்டின் தையல் கோடுகளும் லேசான நிழலும் எழுத்தினூடே தெரிந்தால்தான் அது தரையில் கிடப்பதாகத் தோன்றும். தூய வெள்ளையும் தூய மஞ்சளும் கண்ணை உறுத்தும், கொஞ்சம் சாம்பல் கலந்த வெள்ளை நன்றாகப் படியும்.

கேமராமேன் தோளில் தூக்கி ஓடும் இரண்டாவது கேமராவில் இதையெல்லாம் செய்ய முயலாதீர்கள். பெரிய ஒளிபரப்புகளில் கேமரா தலையில் சுழற்சியை அளக்கும் கருவி இருக்கும், ஒவ்வொரு பிரேமுக்கும் கணக்கு புதிதாகப் போடப்படும். உங்களிடம் அது இல்லை. அந்தக் கேமராவுக்கு மாறும்போது எழுத்து அடுக்கே இல்லாத சீனுக்கு மாறட்டும்.

ஓபன்சிவி வழியாக நிரல் எழுதிச் செய்பவருக்கு ஒரு எச்சரிக்கை: உங்கள் நிரல் 2, 3 பிரேம் தாமதப்படுத்தும். 25 பிரேம் ஓட்டத்தில் அது 80 முதல் 120 மில்லிவிநாடி. வர்ணனையாளர் ஒலிக்கும் மற்ற கேமராக்களுக்கும் அதே தாமதத்தை ஓபிஎஸ்ஸில் கொடுக்காவிட்டால் நடுவரின் விசில் கைக்கு முன்னால் ஒலிக்கும்.

தீர்ப்புக் கோடு போடாதீர்கள்

எழுத்து சரியாக உட்கார்ந்துவிட்டால் அடுத்து யாராவது கேட்பார்கள்: ரெய்டருக்குக் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டை இதே மாதிரி ஒளிரவிட்டு, கால் தாண்டியதா இல்லையா என்று ரீப்ளேயில் காட்டலாமே? செய்ய முடியும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அது பொய் சொல்லும்.

ஆண்கள் களத்தில் போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டரில் இருக்கிறது. கேமரா நடுக்கோட்டுக்கு நேரே 5 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ரெய்டரின் பாதம் மேட்டைத் தொடாமல் 5 செ.மீ. உயரத்தில் மிதக்கிறது என்று வையுங்கள். நம் கணக்கு எல்லாப் பொருளும் தரையில் இருப்பதாக நினைத்துக்கொள்வது. கேமராவிலிருந்து அந்தப் பாதத்தின் வழியாகப் போகும் பார்வைக் கோடு தரையைத் தொடும் இடம் வெளிப்பக்கமாகச் சுமார் 4.8 செ.மீ. தள்ளியிருக்கும். அதாவது கோட்டுக்கு 4 செ.மீ. உள்ளே இருக்கும் பாதம் கோட்டைத் தாண்டியதாகத் தெரியும். பிழை எப்போதும் ஒரே பக்கம், ரெய்டருக்குச் சாதகமாக. நடுக்கோட்டுக்கு இன்னும் அருகே உள்ள பாக் லைனில் இதே பிழை 3.8 செ.மீ.

இதன்மேல் நேரம். 25 பிரேம் ஓட்டத்தில், விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் கால் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே 20 செ.மீ. நகர்ந்துவிடும். தொட்ட கணம் இரண்டுக்கும் நடுவே விழுந்திருக்கலாம். 1/100 ஷட்டரில் அந்தக் காலே 5 செ.மீ. கலங்கலாகத்தான் பதிவாகும். கோடோ 1 பிக்சல் கூர்மையில் பளிச்சென்று நிற்கும். கூர்மையைப் பார்த்துத் துல்லியம் என்று ஊர் நம்பும், நடுவர் அடி வாங்குவார்.

பெரிய ஆட்டங்களும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டன. கால்பந்தில் விநாடிக்கு 50 பிரேம் என்றாலும், 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் ஒரு பிரேமில் 16 செ.மீ. போய்விடுவார். அதில் அக்குள் அளவுக்கு ஆஃப்சைடு கோடு போட்டுச் சண்டை வந்தபின், இங்கிலாந்து பிரீமியர் லீக் 2021–22 பருவத்தில் கோட்டைத் தடிமனாக்கி, இரண்டு கோடும் உரசினால் தாக்குபவருக்கே பலன் என்று வைத்தது. கிரிக்கெட்டின் ‘அம்பயர்ஸ் கால்’ ஏற்பாடும் அதே வகை: படம் ஸ்டம்பைத் தொட்டாலும், விளிம்பில்தான் என்றால் களத்தில் சொன்ன தீர்ப்பே நிற்கும். அவர்களிடம் பல கேமராக்கள் இருந்தும் இந்த அடக்கம். ஒரே கேமராவோடு நாம் தீர்ப்புக் கோடு போடுவது அதிகப்பிரசங்கம்.

30 விநாடி ரெய்டு கடிகாரத்தை மேட்டில் ஓடவிடுவதும் இதே குழி. கணினியில் உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அரை விநாடி தாமதமாக அழுத்துவார், பார்ப்பவர் ‘நேரம் முடிந்தபின் தொட்டார்’ என்று சண்டைக்கு வருவார். கடிகாரம் வேண்டுமென்றால் முழு விநாடி மட்டும் காட்டுங்கள், கடைசி 3 விநாடியில் அதை எடுத்துவிட்டு மேசை அதிகாரியின் பஸ்ஸரை ஒலிக்க விடுங்கள்.

மறைப்பதும் சேர்ப்பதும்

எழுத்து பதிக்கும் இடத்தில் ஏற்கெனவே ஒருவரின் ஸ்டிக்கர் இருந்தால் என்ன செய்வது? மறைக்கக் கூடாது. 1999 டிசம்பர் 31 இரவு அமெரிக்காவின் சிபிஎஸ், டைம்ஸ் சதுக்கத்தில் இருந்து காட்டிய செய்தி ஒளிபரப்பில் போட்டி நிறுவனமான என்பிசியின் திரையைத் தன் சின்னத்தால் கணினி வழியாக மூடியது. விளையாட்டு மைதான விளம்பரத்துக்குச் செய்த தொழில்நுட்பம்தான் அது. அடுத்த மாதம் விஷயம் வெளியே வந்து பெரிய அவமானமாயிற்று. ஊர்ப் போட்டியில் இது இன்னும் சில்லறையாக நடக்கும்: மேட்டுக்கு வாடகை கொடுத்த கடைக்காரரின் பெயர்மேல், நேரலைக்குப் பணம் கொடுத்தவரின் பெயர் ஏறி உட்காரும். மைதானத்தில் நிற்பவருக்கு ஒரு பெயர், போனில் பார்ப்பவருக்கு வேறு பெயர். விழாக்குழுவோடு போடும் ஒப்பந்தத்தில் ‘மைதான விளம்பரம் நேரலையில் மறைக்கப்படாது’ என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் அது காப்பு.

அடிதடி நடக்கும் மூலையின்மேல் விளம்பரத்தை விரிப்பது, காலியான கேலரியில் கூட்டத்தை ஒட்டுவது இவையும் மறைப்புதான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் நகரின்மேல் நடந்து வந்த 29 வாணவேடிக்கைக் காலடிகளில், கடைசிப் பகுதி தவிர தொலைக்காட்சியில் ஓடியது முன்கூட்டியே செய்து வைத்த கணினிப் படம். வேடிக்கை என்னவென்றால் வாணம் உண்மையிலேயே வெடித்தது. இருந்தும், நேரலை என்று சொல்லிப் படத்தைக் காட்டியதால் நடந்ததும் பொய்யாகிப்போனது. 2020 ஜூனில் ஸ்பெயின் லா லீகா ஆளில்லா மைதானங்களில் கணினிக் கூட்டத்தை வைத்தபோது அதை முன்பே அறிவித்துவிட்டுச் செய்தது. கிண்டல் வந்தது, ஏமாற்று என்ற பழி வரவில்லை. நீங்களும் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் ‘மேட்டில் தெரியும் விளம்பரம் வரைகலை’ என்று 10 விநாடி காட்டினால் போதும்.

பணம் வைத்து ஆடும் செயலிகளின் விளம்பரத்தை எவ்வளவு கொடுத்தாலும் ஏற்றாதீர்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் அவற்றை நடத்துவதோடு விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. ‘மேட்டில் வரைகலையாகத்தானே வருகிறது’ என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

உங்கள் படத்தின்மேல் பிறர் ஒட்டினால்

உங்கள் நேரலையைத் திருடி, மேலே தங்கள் பட்டையைப் போட்டு ஓட்டுவது சுலபம். மூலையில் உள்ள உங்கள் சின்னத்தை ஒரு பெட்டியால் மூடிவிடுவார்கள். போன வருட இறுதியாட்டத்தை இன்றைக்கு ‘லைவ்’ என்று ஓட்டுவதும் இதே வகை. அதைவிட ஆபத்து, நன்கொடைக்காக நீங்கள் காட்டும் கியூஆர் குறிமேல் தங்கள் குறியை ஒட்டிவிடுவது. திரையில் கியூஆர் போடுவதை விட்டுவிட்டு, விழாக்குழுவின் கணக்கு விவரத்தை யூடியூப் விளக்கப் பகுதியில் மட்டும் வையுங்கள். யாரேனும் ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லச் சொல்லுங்கள், நேரம் போகப் போகப் பணம் பல கணக்குத் தாண்டிவிடும்.

திருடுவதைக் கடினமாக்க மேட் எழுத்தே உதவும். தேதியையும் ஆட்ட எண்ணையும் ஸ்பான்சர் பெயருக்குப் பக்கத்தில், அதே பட்டையில் சேர்த்து எழுதுங்கள். நடுவரின் கால் அதன்மேல் நடந்து போகும். அதை மூட வருபவர் தட்டையாகப் பெட்டி போட்டால் நடுவரின் காலும் சேர்ந்து மறையும், பார்ப்பவருக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கடைசி வேலை, கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில் எழுத்தில்லாத படத்தை ஆட்டம் முழுவதும் பதிவு செய்வது. 64 ஜிபி கார்டு ஒரு மாலைக்குப் போதுமா என்று உங்கள் கேமராவின் பதிவு வேகத்தை வைத்து முன்பே கணக்குப் பார்த்து, உதிரிக் கார்டு ஒன்று சாரத்தின்மேலேயே வைத்திருங்கள். தகராறு என்று யாராவது வந்தால் யூடியூப் பதிவைக் காட்டாமல் இந்தக் கோப்பைக் காட்டுங்கள். ஓபிஎஸ்ஸில் எழுத்து அடுக்கை அணைக்க ஒரு விசையையும் ஒதுக்கிவிடுங்கள். யாராவது சாரத்தில் இடித்து எழுத்து கோணிக்கொண்டால், சரிசெய்யப் பார்க்காமல் முதலில் அந்த விசையை அழுத்துங்கள். மறுபடி பொருத்துவதற்கு இடைவேளை 5 நிமிடம் இருக்கிறது.